ஒக்புன் பாதி முகத்தில் பூசிப் பார்ப்பாள்

குன்சான் என்கிற கடலோர ஊரில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் பொதுக் குளியலகத்துக்குள் ஒக்புன் நுழைந்தால் போதும், யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம், அக்கா?"

ஒக்புன் உடை மாற்றும் அறையின் நடுவில் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவாள். வலது கன்னத்தில் ஒரு கிரீம் இருக்கும், இடது கன்னத்தில் வேறொன்று. எது எந்தப் பக்கம் என்று அவள் வாயைத் திறக்கமாட்டாள். பார்க்கிறவர்கள் முதலில் தீர்ப்புச் சொல்லவேண்டும். சூடான தரையில் கால் நீட்டித் தலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்துவந்து மோவாயைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

"வலது பக்கம் பளபளன்னு இருக்கு."

"அது பளபளப்பா? எண்ணெய் வழியுது. மீனே வறுக்கலாம்."

எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் ஒக்புன் பெயரைச் சொல்வாள். பெரும்பாலும் நல்ல பக்கம் சல்லிசான பக்கமாக இருக்கும். விலை உயர்ந்த டப்பாவைப் பற்றி அவள் ஒரே வார்த்தைதான் வைத்திருந்தாள்: "பாதிக் காசு டப்பாவுக்கு, மீதிக் காசு விளம்பரத்துல சிரிக்கிற பையனுக்கு."

அவள் அழகி இல்லை. இளம் வயதில் மீன் உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்தவள். உப்புக் காற்றும் வெயிலும் கன்னத்தில் பழுப்புப் புள்ளிகளை நிரந்தரமாகக் குடிவைத்துவிட்டன. கணவன் போன பிறகு பராமரிப்புப் பணிக்குப் படித்துச் சான்றிதழ் வாங்கி, முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். பாதி முகப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அந்த இல்லத்தில் பக்கவாதத்தில் பேச்சு போன ஒரு பெண்மணி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசனை வீசும் ஒரு கிரீமை அம்மாவின் முகம் முழுக்க ஆசையாகத் தடவிவிட்டுப் போனாள். பிறகு துணி மாற்றப் போன ஒக்புன் பார்த்தபோது முகம் தடித்துச் சிவந்து கிடந்தது. எரிகிறது என்று சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் இல்லை. கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒக்புன் வெதுவெதுப்பான நீரால் துடைத்து எடுத்தாள். அன்றிலிருந்து குடும்பத்தார் கொண்டுவருகிற எந்தக் குப்பியும் முதலில் அவள் கன்னத்தில் இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போகும். எரிந்தால் அவள் முகம் எரியட்டும், அவளுக்குச் சொல்ல வாய் இருக்கிறதே.

போகப்போக அதில் அவளுக்கு ருசியும் பிடித்துவிட்டது. அதை மறைப்பானேன்? சம்பளம் வந்தால் மலிவுக் கடையின் அழகுச் சாமான் வரிசையில் போய் நிற்பாள். கடைப் பெண்கள் கைநிறையக் கொடுக்கும் சாம்பிள் பைகளை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்வாள். உதட்டுச் சாயம் என்றால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸ் சூப் குடிப்பாள். கிண்ண விளிம்பைப் பார்த்துத்தான் மதிப்பெண்.

போங்னே அவளிடம் வந்தது இலையுதிர் காலத்தில். சந்தை முனையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள், ஒக்புனைவிடச் சில வயது இளையவள். நாள் முழுக்க நெத்திலிக் கருவாட்டுச் சாற்றின் ஆவியிலும் மிளகாய்த் தூளிலும் நிற்கிற முகம். தொட்டால் சிவக்கும், தொடாவிட்டாலும் சிவக்கும். மகள் சேரினுக்கு வசந்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சோல் தலைநகரத்துக் குடும்பம்.

"நான் மெழுகுவத்தி ஏத்தப் போறதில்ல அக்கா," என்றாள் போங்னே. "அவ அத்தை ஏத்தட்டும்."

கல்யாணம் தொடங்கும்போது இரண்டு அம்மாக்களும் கைகோத்து மேடைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். அம்மா உயிரோடு, குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அத்தை போனால் மண்டபமே வாயில் கைவைக்கும்.

"ஏன், காலுல சுளுக்கா?"

"கிண்டல் பண்ணாதீங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் சந்திச்ச விருந்து ஞாபகம் இருக்கா? முகம் நல்லா இருக்கணும்னு யாரோ குடுத்த பெரிய கம்பெனி கிரீமப் பூசிட்டுப் போனேன். சூப் வர்றதுக்குள்ள முகம் வீங்கிடுச்சு. அந்த சம்பந்தியம்மா முகம் இருக்கே, தேச்சு வச்ச பீங்கான் தட்டு மாதிரி. 'உடம்பு சரியில்லையா?'ன்னு மெதுவா கேட்டாங்க. மெதுவா கேட்டதுதான் தாங்கல. அவங்க பக்கத்துல, அத்தனை வெளிச்சத்துல, நான் போய் நிக்கணுமா? சேரின் ஃபோட்டோவுல காலத்துக்கும் நான் அவிச்ச நண்டா நிக்கணுமா?"

ஒக்புன் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "தெனமும் என்னென்ன போடுற?"

போங்னே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். தண்ணீர் மாதிரி ஒன்று, அதற்குமேல் கெட்டியான தண்ணீர், எசன்ஸ், லோஷன், கிரீம், தூங்கும்போது ஒட்டும் ஈரத்தாள்.

"எல்லாத்தையும் நிறுத்து."

"எல்லாத்தையுமா? இது வைத்தியமா, பட்டினியா?"

"பட்டினிதான். வயிறு கெட்டா கஞ்சி குடிக்கிறோம்ல."

குளிர்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. முதலில் வெறும் தண்ணீர். பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள், அதுவும் காதுக்குப் பின்னால், ஒரு பட்டாணி அளவு. அதற்கு முன் ஒக்புனின் கன்னத்தில் அது தேறியிருக்க வேண்டும். தோலை ஆற்றும் என்று ஊரே கொண்டாடிய மக்வோர்ட் மூலிகைக் கிரீம் போங்னேயின் காதுக்குப் பின்னால் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பியது. நத்தைச் சாற்றுக் கிரீம் சுருசுருவென்று எரித்தது.

"உன்கிட்ட நத்தையே தோத்துப் போச்சுடி," என்று ஒக்புன் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் முகத்துக்கு அது ஒத்துக்கொண்டது.

கடைசியில் தேறியது, மலிவுக் கடையின் அடித்தட்டில் கிடந்த, வாசனையே இல்லாத ஒரு வெள்ளைக் கிரீம். பார்க்க மருந்துக் குழாய் மாதிரி இருக்கும். அதன் பிறகு ஒரு சன்ஸ்கிரீன். அதன் பிறகு மெல்லிய ஃபவுண்டேஷன். அதில்தான் சண்டை. போங்னே வெளுப்பான இருபத்தொன்றாம் எண் நிறம்தான் வேண்டும் என்றாள். நம் பெண்கள் எல்லாருக்கும் அந்த எண்தான், முகம் என்ன நிறமாக இருந்தாலும்.

"கழுத்துப் பக்கம் பாரு. உன் கழுத்தா, கடன் வாங்கின கழுத்தா?" என்று ஒக்புன் இருபத்துமூன்றை எடுத்துக் கையில் திணித்தாள். பூசியபின் கொதிக்கும் சாற்றுச் சட்டியின் முன்னால் அவளை நிற்கவைத்தாள். ஆவியில் முகம் வியர்த்தது. சாயம் திட்டுத்திட்டாகவில்லை, தோலும் சிவக்கவில்லை. போங்னே கரண்டியின் பின்புறத்தில் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கேட்காமலே, தானே மெழுகுவர்த்தி ஏற்றப்போவதாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஒக்புன் வேலை முடிந்து வரும்போது சேரின் தொலைபேசியில் அழுதாள்.

"பெரியம்மா, அம்மாவப் பாருங்க. கதவைப் பூட்டிட்டு உள்ளயே இருக்காங்க."

ஒக்புன் போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவளின் இரண்டு கன்னமும் தோல் சீவிய பீட்ரூட்போல இருந்தன.

"என்னடி பூசின?"

"எதுவும் பூசல. சத்தியமா நீங்க சொன்னதத் தவிர எதுவும் பூசல." போங்னே குரல் இறங்கியது. "குளியலகத்துக்குப் போனேன். நாளைக்கு இவ்ளோ பெரிய காரியம், அழுக்குத் தேய்க்காம எப்படிப் போறது? அங்க வேலை செய்யிறவங்க உடம்பெல்லாம் தேய்ச்சு விட்டாங்க. என் கையிலயும் சொரசொரப்பான தேய்க்கிற துணி இருந்துச்சு. முகத்துலயும் ஒரு இழு இழுத்தேன்."

"ஒரு இழுவா?"

"அழுக்கு உருண்டு உருண்டு வந்துச்சு அக்கா. வந்தா நிறுத்த மனசு வருமா?"

அது அழுக்கில்லை, தோல். எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்று ஒக்புன் அத்தனை மாதம் சொன்னாள். தேய்க்காதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல யாருக்குத் தோன்றும்? நல்ல காரியத்துக்கு முன்னால் தேய்த்துக் குளிக்காத பெண் இந்த ஊரில் உண்டா?

திட்டுவதில் பயனில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கன்னத்தில் போட்டாள். சூடேறியதும் மாற்றினாள். பிறகு பெட்ரோலியம் ஜெல்லியை விரல் நுனியால் ஒற்றினாள், தேய்க்கவில்லை. படுக்கைப் புண் வரப்போகிற இடத்தை எப்படிக் கவனிப்பாளோ அப்படி.

"கைய வச்ச, கட்டிப்போட்டுடுவேன்," என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்து, மல்லாந்து படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வீக்கம் வடிந்திருந்தது. சிவப்பு வடியவில்லை.

மண்டபத்தோடு சேர்ந்த அழகு நிலையத்தில் ஒப்பனைப் பெண் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், குறை சொல்ல எதுவுமில்லை. "மறைச்சிடலாம்மா," என்றாள். "சிவப்ப அமுக்குற பச்சை நிற அடிப்பூச்சு போட்டு, அதுக்கு மேல கெட்டியா ரெண்டு கோட்டு. தெரியவே தெரியாது."

போங்னே கண்ணாடியிலிருந்து ஒக்புனைப் பார்த்தாள். மூடிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. ஒக்புனின் பையிலும் ஒரு பச்சைப் பூச்சு இருந்தது. நல்ல சாமான்தான், மலிவும்கூட. ஆனால் அது போங்னேயின் தோலில் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

ஒக்புன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேளு. இது பச்சப் புண்ணு. மூடினா இப்ப அழகா இருக்கும். மெழுகுவத்தி ஏத்துற வரைக்கும் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கலைன்னா ஃபோட்டோ எடுக்கிற நேரத்துல வீங்கும், அன்னைக்கு விருந்துல வீங்கின மாதிரி. மூடாம விட்டா வீங்காது. ஆனா சிவப்பாத்தான் இருக்கும். எல்லாரும் பாப்பாங்க. முகம் உன்னோடது. நீ சொல்லு."

"நீங்களா இருந்தா?"

"என் முகத்தப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

போங்னே மடியில் கிடந்த ஹன்போக் பட்டுடையின் நாடாவை முறுக்கினாள், பிரித்தாள். வெளியே சேரின் யாரிடமோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தை வாசலில் வந்து நின்றாள், கூப்பிட்டால் வர ஆயத்தமாக.

"சிவப்பாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் போங்னே. "வீங்கினாதான் 'உடம்பு சரியில்லையா'ன்னு கேப்பாங்க. சிவப்பா இருந்தா கேக்கமாட்டாங்க. அண்ணி, நீங்க போய் உக்காருங்க."

ஒப்பனைப் பெண் ஒக்புனைப் பார்த்தாள். "கன்னத்த விட்டுடு," என்றாள் ஒக்புன். "மத்ததெல்லாம் கன்னத்துக்கு ஏத்த மாதிரி செய்."

அந்தப் பெண் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில் வெள்ளைக் கிரீம் மட்டும். நெற்றியிலும் மோவாயிலும் இருபத்துமூன்றாம் எண்ணை மெல்லிசாக ஒற்றினாள். புருவத்தைக் கருமையாக்கினாள். உதட்டுக்கு, கன்னத்தின் சிவப்போடு வைத்துப் பார்த்துப் பார்த்து, அதே சிவப்பைத் தேடிப் பிடித்தாள். பெண் வீட்டு அம்மாவின் ஹன்போக் இளஞ்சிவப்பு. அதை உடுத்தி நிறுத்தியதும், வெட்கத்தில் சிவந்தவள் என்று சொல்லலாம், கோபத்தில் சிவந்தவள் என்றும் சொல்லலாம். நோயாளி என்று யாரும் சொல்லமுடியாது.

மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. நீல ஹன்போக்கில் சம்பந்தியம்மாள் கையை நீட்டினாள். போங்னே பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் அவள் முகத்தை ஒரு கணம் அதிகமாகவே பார்த்தாள். கேள்வி எதுவும் வரவில்லை. இருவரும் நடந்தார்கள். கடைசி மேசையில் ஒக்புன் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பக்கத்தில் குளியலகத்துப் பெண்கள் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"முகத்துல என்ன போட்டிருக்கா? நல்லா எடுப்பா இருக்கே," என்றாள் ஒருத்தி.

"வாய மூடிட்டுப் பாரு," என்றாள் ஒக்புன்.

போங்னேயின் திரி முதலில் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மாள் தன்னுடையதை ஏற்றிவிட்டுக் காத்து நின்றாள். இரண்டாம் தடவை பற்றிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் வணங்கினார்கள், பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி வணங்கினார்கள். கடையில் யாராவது உற்றுப் பார்த்தால் குனிந்துகொள்கிற போங்னே, நிமிர்ந்தபின் நிமிர்ந்தே நின்றாள். புகைப்படக்காரர் கைகாட்டும்வரை நின்றாள்.

இருக்கைக்குத் திரும்பும்போது கூட்டத்துக்கு மேலாக ஒக்புனைத் தேடிப் பிடித்தாள். கன்னம் அரித்திருக்க வேண்டும்; கை தானாக மேலே எழுந்தது. ஒக்புன் கடைசி மேசையிலிருந்து கண்ணை உருட்டி, விரலை ஆட்டினாள். போங்னே கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மகள் உள்ளே வருகிற வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.