இடுப்புக்குப் போகும் கை

ஆப்பிரிக்காவில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டுச் சங்கம் கேட்டபோது, தென்காசியில் முதலில் கை தூக்கியவன் நான். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போது வேலையும் இல்லை, வெட்கமும் இல்லை. இரண்டும் அந்தப் பணிக்குப் பெரிய தகுதிகள் என்று இன்றும் நம்புகிறேன்.

பயிற்சி குற்றாலத்தில், ஒரு பழைய பங்களாவில். சைக்கிளை அழுத்தி மிதித்தால் வியர்ப்பதற்குள் போய்விடலாம். ஆனாலும் எங்கள் ரதவீதி நண்பர்கள் எனக்கு மாலை போட்டு, வடை வாங்கிக்கொடுத்து, கப்பலேறுகிறவனைப் போல பஸ் ஏற்றிவிட்டார்கள். 'ஆப்பிரிக்கா' என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று. போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள்: மூன்றாவது வாரம் ஒரு தேர்வு உண்டு, தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரதவீதி வழியாகப் போக வேண்டுமே!

பயிற்சிப் பொறுப்பாளர் எந்நேரமும் கோட்டு அணிந்திருப்பார். ஜன்னலுக்கு வரும் குரங்கைக்கூட இங்கிலீஷில்தான் விரட்டுவார். அதுவும் மரியாதையாகப் போய்விடும். முதல் நாளே எங்கள் வேட்டிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். இனி பேண்ட், பெல்ட், ஷூ.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடப்பான். எதிரே மதிப்புக்குரியவர் வந்தால் கை தானாக இடுப்புக்குப் போய் மடிப்பை அவிழ்த்து இறக்கிவிடும். மூளையிடம் உத்தரவு கேட்காது. மறுநாள் காலை பொறுப்பாளர் வராந்தாவில் வந்தார். எழுந்து நின்றேன். கை இடுப்புக்குப் போயிற்று. மடிப்பு இல்லை, பெல்ட் இருந்தது. அதை அவிழ்த்துவிட்டது. தென்காசித் தையல்காரர் நான் இன்னும் வளருவேன் என்ற நம்பிக்கையில் தாராளமாகத் தைத்திருந்தார். நல்லவேளை, இன்னொரு கை சும்மா இருந்ததால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பொறுப்பாளர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னார்: "நீங்கள் போகப்போகும் பள்ளியின் தலைமையாசிரியர் ஓர் அம்மையார். அவர் வகுப்புக்குள் வரும்போது இப்படிச் செய்தீர்களானால், சங்கத்தை மூடிவிட வேண்டியதுதான். தேர்வன்று நான் உங்கள் கையைத்தான் பார்ப்பேன்."

என் அறையில் இருந்தவர் வாசுதேவநல்லூர்க்காரர். தினமும் சாயங்காலம் அவர் பொறுப்பாளர் மாதிரி விறைப்பாக உள்ளே நுழைவார். நான் எழுந்து நிற்பேன். கை அசையாது.

"பாத்தீரா, சரியாயிட்டு!" என்பேன்.

"என்னத்தச் சரியாச்சு? எம்மேல மரியாத இருந்தால்லா கை போவும்!"

"உம்மப் பாத்து எவனுக்குவே மரியாத வரும்?"

"அப்பம் ஆப்பிரிக்காவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போம்வே. அந்தம்மாவுக்குப் பதிலா நான் வந்து நிக்கேன்."

தேர்வு நாள் வந்தது. பக்கத்து ஊரான இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. தமிழே பேசாமல் பாடம் நடத்த வேண்டும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? இரண்டு கைகளுக்கும் வேலை கொடுத்துவிட்டேன்: வலதில் சாக்பீஸ், இடதில் டஸ்டர். வெளியே சாரல். நனைந்த காக்கையாக உதறிக் காட்டினேன், குடை பறந்தவனாக ஓடினேன், வழுக்கி விழுந்தேன். கடைசியது நடிப்பில்லை, ஷூ. பிள்ளைகள் 'ரெயின்', 'வெட்', 'ஃபால்' என்று கூரை அதிரக் கத்தினார்கள். நடுவில் பொறுப்பாளர் உள்ளே வந்தார். கைகள் நிறைந்திருந்தன. பெல்ட் அவிழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாடம் நன்றாக இருந்தது. கையைப் பற்றித்தான் யோசிக்கிறேன். உங்கள் இடுப்பைப் பாருங்கள்."

பார்த்தேன். கறுப்புப் பேண்ட்டில் வலப்பக்கம் சாக்பீஸ் கோடு, இடப்பக்கம் டஸ்டர் திட்டு. கைகள் போய்த்தான் இருக்கின்றன. ரதவீதி கண்முன்னால் நீண்டு கிடந்தது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் இளநீர்க்குலையோடு வந்தார். பொறுப்பாளர் துள்ளி எழுந்தார். டீ கிளாஸ் பிடித்திருந்த கை சரக்கென்று இடுப்புக்குப் போயிற்று. டீ முழுவதும் பேண்ட்டில்.

"வாங்க மாமா!" என்றார், சுத்தத் தமிழில்.

"இலஞ்சி வரைக்கும் வந்துட்டு, வீட்டுக்கு வராமப் போனா எப்பிடி மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இருவரும் நின்றோம். என் இடுப்பில் சாக்பீஸ், அவர் இடுப்பில் டீ. என் பக்கம் திரும்பியபோது அவருடைய இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை.

"ஏலே, என்னத்தப் பாத்த?"

"நான் ஒண்ணும் பாக்கலயே சார்."

"சிரிக்காத. இந்தக் கைய நிப்பாட்ட முடியாதுலே. பதினஞ்சு வருசமாப் பாக்கேன்." கோட்டை லேசாக விலக்கிக் காட்டினார். பெல்ட்டின் கொக்கியைச் சுற்றித் தடித்த நூலால் இறுக்கித் தைத்திருந்தது. "அவிழாதுல்லா? அதுபோதும். வெளிய வாயத் தொறந்த, உனக்குக் கப்பல் கிடையாது."

வாசுதேவநல்லூர்க்காரர் எங்கிருந்தோ கோணி ஊசி வாங்கிவந்தார். தைத்த பெல்ட்டோடுதான் நான் கப்பலேறினேன். தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்தபோதெல்லாம் கை போயிற்று, பெல்ட் நின்றது. அவசரத்துக்குக் கழற்றுவதுதான் கொஞ்சம் சிரமம்.