சிவப்பு மையில் எழுதிய பெயர்

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து பாரிசுக்கு வந்த நானும் தோழி ரஞ்சியும் லா சப்பலில் ஒரு தாய்லாந்துக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்தோம். எங்கள் ஆட்களுக்கு அறை கிடைப்பதே அரிதாக இருந்த காலம். நான் கட்டட வரைபடங்கள் கீறும் படவரைஞராகப் பயிற்சி பெற்றவள். எதையும் அட்டவணை போட்டால்தான் எனக்கு நிம்மதி.

சமையலறை யாருக்கு எப்போது, பாத்திரம் யார் கழுவுவது என்று சிறு இழுபறி வந்தது. கட்டம் கீறி, நேரங்களைக் கறுப்பிலும் எல்லோருடைய பெயர்களையும் சிவப்பிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன். வீட்டுக்கார அக்கா நொய் அதைப் பார்த்து உதட்டளவில் சிரித்தார். அதன்பின் பேசவேயில்லை. மறுநாள், மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

"நீ என்னத்தையடி எழுதினனீ?" என்றாள் ரஞ்சி.

"நேரமும் பேரும்தான்."

அரைகுறைப் பிரெஞ்சில் நொய்யிடமே கேட்டேன். அவர் அட்டவணையில் தன் கணவரின் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"நாளைக்கு இவருக்கு ஆபரேஷன். எங்கள் ஊரில் செத்தவர்களின் பெயரைத்தான் சிவப்பில் எழுதுவோம்."

மன்னிப்புக் கேட்டு, தாளைக் கிழித்து, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் நீலத்தில் எழுதினேன். அவர் முகம் இறுகியே இருந்தது.

ஒரு கிழமையில் கணவர் வயிற்றைப் பிடித்தபடி வீடு திரும்பினார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "செத்தவன் எப்படிப் பாத்திரம் கழுவுவான்? பழைய அட்டவணையே நல்லது" என்றார். நொய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறையைக் காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று.

இப்போதெல்லாம் எந்த அட்டவணையையும் ஒட்டுமுன் நொய்யிடம் காட்டிப் பிழை உண்டா என்று கேட்கிறேன். போன மாதம் அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ரஞ்சி கருவாடு பொரிக்கும் நாளில் தங்களையும் சாப்பிடக் கூப்பிட வேண்டுமாம்.