ஆற்றுக் கல் வைத்த நெருப்புக் குழி

சாயம் பூசும் தொழில், கீழே இருப்பதை மறைக்கும் தொழில். பேர் வெட்டப்பட்ட தோழர்களே, நான் இதற்கு வந்த கதையை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று: காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், துரைமாரின் குற்றங்களைச் சொல்லும் துண்டுப் பிரசுரம் வாசித்ததற்காகத் தேயிலைத் தோட்டத்துப் பதிவிலிருந்து என் பேரை வெட்டினார்கள். இரண்டு: மழை நாளில், நான் குடியிருந்த லயத்துக் காம்பராவின் கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். மூன்று: சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் என் பேரை எழுதி அனுப்பினார்கள். நான்கு: அன்று கைதட்டியவர்களே கண்டிக் கடைவீதியில் என்னைக் கண்டும் காணாமல் போனார்கள். இந்த வரிசையை மாற்றிச் சொல்ல நான் யாரையும் விட்டதில்லை.

பச்சைச் சாயம்

அதன்பின் நான் வெறும் 'பெயின்ட்காரர்'. திகனப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவின் புல்தரையில், குளிருக்குத் துரைமார் சுற்றி உட்காரும் நெருப்புக் குழியைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த இரும்புக் கூடை துருவேறிக் கிடந்தது. கம்பித் தூரிகையாலும் மணலாலும் தேய்த்தெடுத்தேன். பென்சில் காரீயப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசினால்தான் சூடு தாங்கும் என்றேன். துரைசாணியோ கூரைக்குப் பொருத்தமாகப் பச்சைதான் வேண்டும் என்றாள். பூசினேன். முதல் நெருப்பிலேயே சாயம் கொப்பளித்து நாறியது. விருந்தாளிகள் எழுந்து ஓடினார்கள். பங்களாவில் சமைத்துப் பரிமாறும் அப்பு வந்து காதோடு சொன்னான்:

"நீங்க சொன்னதுதான் சரி, பெயின்ட்காரரே. அதனாலதான் தொரசாணிக்கு உங்க மேல கோவம்."

மகாவலிக் கல்

குழியைச் சுற்றியிருந்த கற்களும் பெயர்ந்திருந்தன. உருண்டைக் கல் அழகாக இருக்கும் என்றாள் துரைசாணி. மகாவலி ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து, ஈரம் காயுமுன் சுண்ணாம்பில் பதித்தேன். தோட்டக்காரன் சின்னான் தடுத்தான். "அண்ணே, இது தண்ணி குடிச்ச கல்லு. சூடேறுனா வெடிக்கும். ஒடச்ச கருங்கல்ல வைங்க."

"எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்றேன். எனக்கு எழுத்துத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் சிரித்தான்.

"படிக்கலண்ணே. அடுப்புல பாத்தேன்."

கணக்கப்பிள்ளையின் காகிதம்

மூன்றாம் வாரம், விறகு தள்ளிக்கொண்டிருந்த சின்னானின் முகத்துக்கு நேரே கல் வெடித்தது. இரண்டு கண்ணும் போயின. என்னையே மறுபடி கூப்பிட்டார்கள்: உடைந்த கல்லை மாற்றி, கரியெல்லாம் தெரியாதபடி பூசிவிட வேண்டுமாம். சுரண்டிக்கொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டினான். சூடான கல்லில் சின்னானே தண்ணீர் ஊற்றினான், குற்றம் அவனுடையது, அவனும் அவன் மனைவி வீராயியும் காம்பராவை விட்டுப் போகவேண்டும் என்று எழுதியிருந்தது. குழி கட்டியவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போடவேண்டும். எத்தனை வருடமாகக் கூரையில்லாதவன் நான் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"போடுங்க பெயின்ட்காரரே. நாளைக்கு அந்தக் காம்பரா காலி. நீங்களே வந்து இருக்கலாம்."

பெரட்டுக் களம்

மறுநாள் காலை துரையும் ஆட்களும் கூடியிருந்தார்கள். வீராயி, சின்னானின் கையைப் பிடித்தபடி நின்றாள். என் தொண்டை பெரியது என்று வாசிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தான் கணக்கப்பிள்ளை. காகிதத்தைத் திருப்பினேன், பின்பக்கத்தில் இரவு நான் எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். ஈரக் கல்லைப் பதித்தது யார், எச்சரித்தது யார், கேலி செய்தது யார் என்று ஒவ்வொன்றாக. துரைக்குக் குற்றவாளி ஒருவன் போதும்; காம்பரா சின்னானுக்கும் வீராயிக்குமே நின்றது. வீராயி என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கே அது சொன்னதக் கேட்டிருக்கலாமே அண்ணே?"

ஊரார் குற்றங்களையே வாசித்துப் பழகிய இந்தத் தொண்டை, என் அநியாய வரிசையில் ஐந்தாவதாக, அத்தனை சாட்சிகள் முன்னிலையில் என் பேரையே உரக்க வாசித்தது: "காத்தான் மகன் மாயாண்டி."