உபதேசியார் பாயில் உட்கார்ந்தார்

ஆனையூர் வீட்டில் விரிக்கப் புதுக் கோரைப்பாய் ஒன்று வாங்கி வந்தேன். அந்தப் பச்சை வாசனை எழுந்ததும் டி. கல்லுப்பட்டிப் பக்கம் நாலுவழிச் சாலைக்காக இடித்துப் போட்ட எங்கள் ஓட்டுச் சர்ச் ஞாபகத்துக்கு வந்தது, இடித்த அன்று வராத அழுகை இப்போதும் வரவில்லை.

முன்னால் கிடக்கும் பெஞ்சுகள் ஊர்த்தெருவுக்கு, பின்னால் விரித்த பாய் எங்கள் தெருவுக்கு. ஓட்டுக்கடியில் புறா குமுறும், காணிக்கைப் பை கடைசியாகத்தான் எங்களிடம் வரும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. புதிதாக வந்த உபதேசியார் ஒரு ஞாயிறு வேதாகமத்தோடு இறங்கி வந்து, எங்கள் பாயில் உட்கார்ந்தே ஆராதனை நடத்தினார். அங்கே உட்காரக் கூடாதென்று பெரிய பாஸ்டர் ஆளனுப்பியும், அடுத்தடுத்த வாரங்களிலும் அங்கேயேதான் உட்கார்ந்தார். பெஞ்சுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். "கழுத்துச் சுளுக்கு எடுக்க நம்மகிட்டதான் வருவாக, பாரு," என்று அம்மா என் காதில் சொல்லும்.

பிறகு பெரிய பாஸ்டரிடமிருந்து அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பஸ் நிறுத்தத்தில் அவருடைய பெட்டியை அம்மா விடாமல் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு அவுக சொன்னதக் கேக்கலையே அண்ணே. இன்னைக்கு மட்டும் ஏன் கேக்குறீக?"

"அது உங்களக் கீழ வைக்கச் சொன்ன உத்தரவு தங்கச்சி. இது என்னைய மட்டும் போகச் சொன்னது. மோசே ஜனத்துக்காக ஆண்டவர்கிட்டயே மல்லுக்கு நின்னாரு. உனக்கு மட்டும் கானான் தேசம் இல்லைன்னதும், மலையோட நின்னுக்கிட்டாரு. வாரேன்."

அம்மா பெட்டியை விட்டது. பஸ் போன பிறகும், பெட்டியைப் பிடிக்க நீட்டிய அந்தக் கை மடங்கவில்லை.