கடைசியாகக் கழுவிய கேன்

யுத்தமும் என் உத்தியோகமும் ஒரே வருடத்தில் முடிந்தன. சுனாமியில் மிஞ்சியதும் பிறகு கட்டியதுமான பால் நிலையங்களில், கேன் கழுவும் காஸ்டிக் சோடாக் கரைசலை வீசாமல் திரும்பத் திரும்பப் பாவிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இன்னும் கூப்பிடுகிறார்கள். போகிறேன். அமிலத் துளி விட்டுக் காரத்தை அளக்க வேண்டும், விரலை நம்பக்கூடாது என்கிறேன். தலையாட்டுகிறார்கள். நான் படலையைத் தாண்டியதும் விரலை விடுவார்கள், தெரியும்.

என் அப்பாவும் விரலைத்தான் நம்பினார். எங்கள் ஊர் கிரானில் பால் சேர்க்கும் நிலையத்துக்கு அவர் பொறுப்பு. காஸ்டிக் மூட்டை வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. ஆகவே ஒரே பீப்பாய்க் கரைசலில் நாட்கணக்காகப் பால் கொண்டுவருபவர்களின் கேன்களைக் கழுவிக் கொடுப்பார். மறுநாள் அவற்றில் பால் வரும். காலையில் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் காரம் இருக்கிறது, அன்றைக்கு ஒரு பிடி சேர்த்தால் போதும். பால்கொழுப்பு சேர்ந்து காரம் வெறும் சவர்க்காரமாகிப் போனாலும் அப்படியேதான் வழுக்கும் என்று எந்தச் சுற்றுநிருபமும் அவருக்குச் சொல்லவில்லை.

சொந்தக்காரரின் கேனைக் கடைசியில்தான் கழுவுவது என்பது அப்பாவின் நேர்மை. சித்தப்பாவின் கேன் எப்போதும் கடைசி, மற்றவர்களின் கொழுப்பெல்லாம் சேர்ந்த கரைசலில்.

மூன்று நாள் தொடர்ந்து சித்தப்பாவின் பால் காய்ச்சிப் பார்க்கையில் திரிந்தது. நாலாம் நாள், எல்லோருக்கும் முன்னால், இனி அவர் பால் வேண்டாம் என்றார் அப்பா. ஐந்து எருமையை நம்பி ஆறு பேர் சாப்பிடும் வீடு அது.

"அண்ணன், விடிய கறந்த பால். தண்ணி ஒரு சொட்டும் விடல்ல."

"வீட்டுலதான் அண்ணன், இஞ்ச இல்ல. கேனைக் கழுவப் பழகிற்று வா."

"கழுவுறது நீங்கதானே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆட்கள் போனபிறகு அப்பா பீப்பாய்க்குள் கையை மணிக்கட்டு வரை விட்டார். ஒரு துளி பட்டாலும் தோல் உரியும் என்று என்னைக் கிட்டவே விடாதவர். வெகுநேரம் வைத்திருந்தார். வெளியே எடுத்த கையில் ஒரு சிவப்பும் இல்லை. பீப்பாயைத் தானே சாய்த்து ஊற்றிவிட்டு, மிச்சமிருந்த காஸ்டிக்கில் புதிதாகக் கலந்தார். அதன்பின் எவருடைய பாலும் திரியவில்லை.

"இனித் தம்பியக் கூப்பிடுங்களன்" என்றா அம்மா.

"பார்ப்பம்" என்றார் அப்பா. அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் சித்தப்பா எருமைகளை ஒவ்வொன்றாக விற்றார்.

அப்பா பீப்பாய்க்குள் கையை விட்ட அந்த வாரம் முழுக்க, காஸ்டிக்கில் விட்டாலும் வேகாத கை என் அப்பாவுடையது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். சிலர் நம்பவில்லை. பக்கத்து வாங்கில் இருந்த சித்தப்பாவின் மகன்தான் எனக்காக எழுந்து நின்றான்.

"ஓம், மெய்தான். எங்கட பெரியப்பா!"