என் மச்சானை நான் சாகடித்த ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் கோமாளி வேஷம் எனக்குத்தான். அரிதாரம் பூசாமலே ஆடலாம் என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். தோட்டம் பசறை ரோட்டை ஒட்டி இருந்தது. விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பதுளை டவுனுக்குப் போய்விடலாம். நான் அங்கே சில்லறைக் கங்காணி, பத்திருபது ஆட்களை மேய்க்கிறவன். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே ஆளுக்கொரு கேலி வைத்திருப்பேன். வெள்ளைக்காரத் துரையின் குதிரைச் சத்தம் கேட்டால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்தச் சங்கதியை யாரும் பெரிதாகக் கவனிக்காதது என் அதிர்ஷ்டம்.

பொலிஸ்காரர் லயத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. முன்கூட்டிச் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகிறவன் மேல் துரை வாரண்டு எடுக்கலாம் என்று சட்டம் இருந்த காலம். காக்கி உடுப்பு வந்து ஒரு பேரைச் சொன்னால் வாரண்டு என்றுதான் அர்த்தம். அதனால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: அப்படி ஒரு ஆள் இல்லை. முதலில் ஒருவர் என்ன சொல்கிறாரோ, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். கங்காணி இருந்தால் முதல் வாய் கங்காணியுடையது.

என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருந்தான். தாய் தகப்பன் இல்லாத பையன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவான். சிங்களம் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீசும் கொஞ்சம் கற்றிருந்தான். ஒரு சனிக்கிழமை பதுளைக்குப் போனான். கோயிலுக்கு என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் லயத்து வாசலில் உட்கார்ந்து, தலைமைக் கங்காணி வெற்றிலை துப்புவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு பொலிஸ்காரர். சிங்களவர், தடுமாறித் தடுமாறித் தமிழ் பேசினார். என் மச்சானின் பேரைச் சொன்னார்.

"இந்தப் பேர்ல பையன் இங்க இருக்குதா?"

"இல்லீங்க ராலாமி," என்று சிங்கள மரியாதைச் சொல் போட்டுச் சொன்னேன்.

"இங்கதான் இருக்குன்னு அந்தப் பையன் சொல்லிச்சே."

இருப்பதாக அவனே சொல்லியிருக்கிறான் என்றால் அது வாரண்டு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காக்கியைப் பார்த்தவனுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

"இருந்தாங்க. இப்ப இல்லீங்க."

"எங்க போச்சு?"

இந்தியாவுக்கு என்றால் எந்தக் கப்பல் என்பார். வேறு தோட்டம் என்றால் எந்தத் தோட்டம் என்பார். மேற்கொண்டு போய் விசாரிக்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் என் மூளைக்கு எட்டியது.

"செத்துப் போயிட்டாங்க."

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். அதோடு விட்டிருக்கலாம். "காய்ச்சலுங்க, போன மாசம்," என்று நானாகவே சேர்த்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, கட்டுப்பாட்டுக்குப் பங்கம் வராமல், "ராசா, மீச மொளச்ச வயசுல போயிட்டியேடா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மூன்று பெண்கள் கூட உட்கார்ந்தார்கள். அவர்கள் அழுத அழுகையில் என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

"நல்ல பையனா?" என்று பொலிஸ்காரர் மெதுவாகக் கேட்டார்.

"தங்கமுங்க," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ரோட்டு வளைவில் அவர் மறைந்ததும் லயம் குலுங்கிச் சிரித்தது. "கங்காணி, ஒத்தச் சொல்லுல வாரண்டக் கிழிச்சுட்டீங்களே!" என்றார்கள். நான் அந்தக் காட்சியை இரண்டு தடவை நடித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையில் பொலிஸ்காரரும் அழுதார்.

துணி துவைக்கப் போன என் மனைவி அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துணிக்கூடையை மண்ணிலேயே போட்டுவிட்டாள்.

"பாவி மனுசா! அவன் பொலிஸ்ல சேர எழுதிப் போட்டிருக்கான். நாளைக்கு ஒயரம், மாரு அளவெடுக்கிறாங்க. வந்தது அவனப் பத்தி விசாரிக்கிற ஆளு!"

"அத ஏன் அந்தாளு சொல்லல?"

"சொன்னா சொந்தக்காரங்க தேனா ஊத்திருவாங்கன்னு சொல்லாமதான் விசாரிப்பாங்களாம்."

"சரி, எங்கிட்ட நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவன்தான் கையெடுத்துக் கும்புட்டுச் சொல்லாதன்னான். சொல்லியிருந்தா நாளைக்குப் பெரட்டுல நீங்க லத்தியச் சுத்திக்கிட்டு நடந்து காட்டியிருக்க மாட்டீங்க?"

அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த நடையை எப்படி நடப்பது என்று என் மனம் யோசித்துக்கொண்டிருந்தது.

"இப்பவே போயி உண்மையச் சொல்லுங்க," என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்றேன். இருட்டிவிடும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேசனில் ஆள் இருக்காது என்றுகூடச் சொன்னேன். பொலிஸிடம் பொய் சொன்னதற்கு என்ன தண்டனை என்பதுதான் உண்மையான கவலை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் என்று படுத்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் டவுனிலிருந்து அரிசி ஏற்றி வந்த வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். செத்துப்போனவன் பேரில் வேறு எவனோ வேலை கேட்டு வந்திருக்கிறான் என்று பையனை ஸ்டேசனில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அதற்கு மேல் அந்தப் பொய்க் காய்ச்சலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கிளம்பினேன்.

வழி நெடுகக் கதை கட்டிக்கொண்டே போனேன். எனக்குக் காது மந்தம். இல்லை, அதே பேரில் வேறொரு பையன் செத்தான். இல்லை, எனக்கு அன்றைக்குச் சித்தம் கலங்கியிருந்தது. பதுளைப் பாலத்தைக் கடக்கையில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன.

ஸ்டேசனில் வயதான மலாய்க்கார சார்ஜன் இருந்தார். தமிழ் சரளமாக வரும். என் மச்சான் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அளவெடுப்பதற்காகப் போட்டு வந்த வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது.

"யாருய்யா நீ?"

"செத்தவனோட மச்சானுங்க."

பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. வாழ்நாளில் நான் சொன்னவற்றில் அவ்வளவு அமைதியை உண்டாக்கிய பேச்சு வேறில்லை.

"உசுரோட இருக்கிற பயல ஏன் செத்துட்டான்னு சொன்ன?"

கட்டி வந்த கதைகளில் முதலாவதை எடுத்தேன். பையன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். இந்த ஆள் இப்போது என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ என்ற பயம்தான் அந்தக் கண்ணில் இருந்தது.

"பயந்துட்டேனுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"தெரியலீங்க. காக்கியப் பாத்தேன், பயந்துட்டேன்."

சார்ஜன் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு பையனைப் பார்த்துப் பேசினார். "ஆள்மாறாட்டம் இல்லன்னு ஆயிருச்சு. ஒன்ன விட்டுர்றேன். ஆனா இந்த வேலைக்கு ஒருத்தன எடுக்கணும்னா, எங்க பொறந்தான், யாரோட பழகுறான், கேசுல கோட்டுக்குப் போயிருக்கானா, இதெல்லாம் பாக்கணும். ஒரே வீட்டுல யாரு இருக்காங்கன்னும் பாக்கணும். ஒன் வீட்டுல இந்தாளு இருக்காரு."

"அந்த வீட்ட விட்டு வந்துட்டா எடுத்துக்குவீங்களா, ஐயா?" என்றான் பையன். என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"இந்த வாட்டி முடியாது. வேற எடத்துல இரு. அடுத்த வாட்டி வா, அந்த எடத்துல விசாரிக்கிறோம்."

பையன் என்னோடு திரும்பி வரவில்லை. பஜாரில் ஒரு செட்டியார் கடையில் அரிசி நிறுக்கும் வேலையில் அமர்ந்தான். அடுத்த முறை ஆள் எடுத்தபோது அவனை எடுத்துக்கொண்டார்கள். விசாரணையெல்லாம் பஜாரிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அது தெரியாமல் நான் மாதக்கணக்கில் ரோட்டுமுனையில் காத்திருந்து, காக்கி போட்டு வந்த ஒரு காட்டு இலாகா ஆளிடம் என் மச்சானின் குணநலன்களை முழுக்க ஒப்பித்திருக்கிறேன். "இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

ஆனால் என்னால் இன்றைக்கும் முகம் கொடுக்க முடியாமல் இருப்பது அவன் கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது. அவனுடைய துணிமணிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி, "நீங்களே கொண்டு போயிக் குடுங்க," என்றாள் மனைவி. தலையில் சுமந்துகொண்டு போனேன். அவன் தராசில் அரிசி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

செட்டியார் என்னைப் பார்த்து, "யாரு தம்பி?" என்றார்.

"எங்க அக்கா ஊட்டுலருந்து வந்திருக்காரு, மொதலாளி."

"அப்படியா? வாங்க, ஒக்காருங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, பையன் எப்படி? கல்லாவ நம்பி விட்டுப் போகலாமா?"

சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. எழுந்து நின்று வாயைத் திறந்தேன். அவன் கையிலிருந்த படியை அப்படியே வைத்துவிட்டு இடையில் வந்து நின்றான்.

"அவருகிட்ட வேணாம் மொதலாளி," என்றான். குரலில் கடுமை இல்லை. "வெயில்ல நடந்து வந்திருக்காரு. மொதல்ல தண்ணி குடிக்கட்டும்."

செம்பை அவனே கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.