முப்பதின் மேல் ஒரு கோடு

மாலை நாலே முக்காலுக்கு வரவேண்டிய மூங்கில்துறைப்பட்டு பஸ் வரவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வழியெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அங்கே கணக்குப் பரீட்சை எழுதப் போன என் மகள் அந்த பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் டைம்கீப்பர் பருத்த, சாந்தமான மனிதர். பஸ் எப்போது வரும் என்று யார் கேட்டாலும், கரும்பலகையைத் துடைத்துவிட்டு ‘30 நிமிடம்’ என்று எழுதுவார். அரை மணி கழித்துக் கேட்டால் மறுபடி துடைத்து அதையே எழுதுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “எதுக்குங்க அழிச்சு அழிச்சு எழுதுறீங்க? முப்பது மேல ஒரு கோடு போட்டுடுங்க. கணக்குல அப்படிப் போட்டா, அந்த எண்ணே முடிவில்லாம திரும்பத் திரும்ப வரும்னு அர்த்தம்” என்று கத்தினேன்.

நான் திட்டியதாகவே அவருக்குத் தோன்றவில்லை. “இன்னாம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சாக்பீஸு ஜாஸ்தி செலவாவுது” என்று கோடு போட்டார். பிறகு கேட்டவர்களிடமெல்லாம், “டீச்சரம்மா சொல்லிட்டாங்க, இதுக்கு முடிவே கெடையாது” என்று என்னைக் கை காட்டினார். நான் டீச்சரே இல்லை. ஒரு பெரியவர் என்னை முறைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இருட்டத் தொடங்கியபோது, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கிவிட்டு வயல்வழியாகத் திரும்பிய ஒரு டிராக்டரிலிருந்து என் மகள் குதித்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். டைம்கீப்பரும் சிரித்தபடி கோட்டை அழிக்கத் துணியை எடுத்தார்.

மகள் சலித்துக்கொண்டாள்: “டிராக்டர்காரரு வழி பூரா ‘இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி’ன்னே சொல்லிகினு வந்தாரும்மா.”

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.